மயக்க மருந்தியல்

மயக்க மருந்தியல் என்பது அறுவை மருத்துவத்தின்போது வலியையும் உணர்வையும் தற்காலிகமாக நீக்கும் மருந்துகள் உடலில் எவ்வாறு பரவுகின்றன, எங்கு செயல்படுகின்றன, எவ்வாறு வெளியேறுகின்றன என்பவற்றை ஆராயும் மருந்தியல் பிரிவு ஆகும். இம்மருந்துகள் மூன்று வகைப்படும்.

1. மூச்சுவழி மயக்க மருந்துகள்: வளியாகவோ ஆவியாகவோ நுரையீரல் வழியே செல்பவை.
2. சிரைவழி மயக்க மருந்துகள்: ஊசி மூலம் நேரடியாக இரத்தத்தில் செலுத்தப்படுபவை.
3. உள்ளிட மயக்க மருந்துகள்: நினைவை நீக்காமல் உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்பவை.

இம்மருந்துகளுள் பலவற்றுக்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. உணர்வை நீக்கும் அளவுக்கும், மூச்சையோ இதயத் துடிப்பையோ நிறுத்தும் அளவுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. மருந்து மிகும்போது முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்ற கேள்வி இத்துறையின் தொடக்கக் காலத்திலேயே எழுந்தது. அதற்கு விடை காணும் பேராய்வு ஒன்று இந்தியாவில், ஐதராபாத்தில் நடைபெற்றது.

வரலாறு

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியைக் கொண்டு நோயாளி ஒருவரை மயக்கமுறச் செய்து காட்டினார். அடுத்த ஆண்டே கல்கத்தாவில் ஈதர் பயன்படுத்தப்பட்டது. 1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார்.

குளோரோஃபார்ம் ஈதரைப் போல் தீப்பற்றுவதில்லை. இனிய மணம் உடையது. சில துளிகளே போதுமானவை. வெப்ப நாடுகளில் ஈதர் விரைவாக ஆவியாகிவிடுவதால் இந்தியாவில் குளோரோஃபார்மே பெரிதும் விரும்பப்பட்டது. ஆனால், 1848 சனவரியில் இங்கிலாந்தில் கால் நகம் ஒன்றை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் இறந்தார். அதன் பின்னரும் உடல்நலத்துடன் இருந்த பலர் சிறிய அறுவைகளின்போது திடீரென இறந்தனர்.

இவ்விறப்புகளுக்கான காரணம் குறித்து இரு கருத்துகள் நிலவின. குளோரோஃபார்ம் நேரடியாக இதயத்தைத் தாக்குகின்றது, எனவே நாடியைக் கவனிக்க வேண்டும் என்பது இலண்டன் மருத்துவர்கள் பலரின் கருத்து. மூச்சே முதலில் நிற்கின்றது, எனவே மூச்சைக் கவனித்தால் போதும் என்பது எடின்பரோ மரபு.

ஐதராபாத் குளோரோஃபார்ம் ஆணையங்கள்

எடின்பரோவில் பயின்ற எட்வர்ட் லாரி, ஐதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்தார். தம் மரபின் கருத்தை ஆய்வினால் நிறுவ விரும்பிய அவருக்கு ஆறாம் நிசாம் மீர் மகபூப் அலி கான் ஆதரவளித்தார். 1888-இல் அமைந்த முதலாம் ஆணையம் நாய்களைக் கொண்டு ஆய்வு செய்து, மூச்சே முதலில் நிற்கின்றது என அறிவித்தது.

இலண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழ் இம்முடிவை ஏற்கவில்லை. அவ்விதழ் தன் சார்பில் ஒருவரை அனுப்பி ஆய்வை மீண்டும் நடத்துவதற்கு நிசாம் 1000 பவுண்டு அளித்தார். அதன்படி 1889-இல் மருந்தியல் அறிஞர் தாமஸ் லாடர் பிரண்டன் ஐதராபாத் வந்தார். இவர் குளோரோஃபார்ம் இதயத்தை நிறுத்தக்கூடும் என அதுவரை கருதியவர். நாய்கள், குரங்குகள் உள்ளிட்ட நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகள் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன. இரண்டாம் ஆணையமும் முதலாம் ஆணையத்தின் முடிவையே உறுதி செய்தது. பிரண்டனும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

லாரியிடம் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி ஐதராபாத் மருத்துவமனையில் குளோரோஃபார்ம் கொடுப்பதில் தேர்ச்சி பெற்றவர். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகின்றார்.

ஆயினும் ஆணையத்தின் விடை முழுமையானது அன்று. 1911-இல் குட்மேன் லெவி என்னும் ஆங்கிலேய மருத்துவர், குளோரோஃபார்மின் இலேசான மயக்கத்தில் உள்ள பூனைகளுக்கு அட்ரினலின் செலுத்தியபோது இதயக் கீழறைகள் ஒழுங்கின்றித் துடித்து நின்றுவிடுவதைக் கண்டறிந்தார். அச்சத்தாலோ, மயக்கம் ஆழமாகும் முன்னரே கத்தி படுவதாலோ உடலில் அட்ரினலின் சுரக்கின்றது. குளோரோஃபார்ம் இதயத் தசையை அட்ரினலினுக்கு மிகைப்படத் தூண்டலுறச் செய்கின்றது. ஆகவே மருந்து மிகுந்தால் மூச்சு முதலில் நிற்கலாம்; மருந்து குறைந்த நிலையிலும் இதயம் திடீரென நிற்கலாம். ஐதராபாத் ஆணையங்கள் விளக்கியது முதல் வகை இறப்பை மட்டுமே. மூச்சை மட்டும் கவனித்தால் போதும் என்ற அறிவுரையைப் பின்பற்றியவர்களுக்கு இரண்டாம் வகை இறப்பு முன்னறிவிப்பின்றியே நேர்ந்தது.

மூச்சுவழி மயக்க மருந்துகள்

மூச்சுடன் சென்ற ஆவி நுரையீரலின் காற்று நுண்ணறைகளிலிருந்து இரத்தத்திற்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் செல்கின்றது. நுண்ணறை, இரத்தம், மூளை ஆகிய மூன்றிலும் மருந்தின் அழுத்தம் ஏறத்தாழச் சமமாகும்போது மயக்கம் நிலைபெறுகின்றது.

இம்மருந்துகளின் வீரியம் 'இழிவு நுண்ணறைச் செறிவு' என்னும் அளவால் குறிக்கப்படுகின்றது. அறுவையின்போது 100 பேரில் 50 பேர் அசையாமல் இருப்பதற்கு நுண்ணறையில் தேவைப்படும் மருந்தின் விழுக்காடே இது. இவ்வளவு குறையக் குறைய வீரியம் மிகும். முதன்மையான மருந்துகளின் அளவுகள் தோராயமாக வருமாறு:

- ஹாலோத்தேன்: 0.75 விழுக்காடு
- ஐசோஃப்ளுரேன்: 1.2 விழுக்காடு
- செவோஃப்ளுரேன்: 2 விழுக்காடு
- டெஸ்ஃப்ளுரேன்: 6 விழுக்காடு
- நைட்ரசு ஆக்சைடு: 104 விழுக்காடு

இயல்பான வளியழுத்தத்தில் எந்த வளியும் 100 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. எனவே நைட்ரசு ஆக்சைடு மட்டும் கொண்டு முழு மயக்கம் தர இயலாது என்பது இப்பட்டியலிலிருந்தே விளங்கும். அது பிற மருந்துகளுக்குத் துணையாகவே பயன்படுகின்றது. நாற்பது வயதுக்கு மேல் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் தேவைப்படும் செறிவு ஏறத்தாழ 6 விழுக்காடு குறைகின்றது.

மயக்கம் எவ்வளவு விரைவில் வரும் என்பதை மருந்து இரத்தத்தில் கரையும் தன்மை தீர்மானிக்கின்றது. இரத்தத்தில் மிகுதியாகக் கரையும் மருந்தின் பெரும்பகுதியை இரத்தமே ஏற்றுக்கொள்வதால் அதன் அழுத்தம் மெதுவாகவே உயரும். ஈதரின் இரத்த-வளிப் பகிர்வு எண் 12; எனவே மயக்கம் வரவும் தெளியவும் நெடுநேரம் ஆகும். செவோஃப்ளுரேனின் எண் 0.65 மட்டுமே என்பதால் சில நிமிடங்களில் நோயாளி உறங்குகின்றார்.

இவை மூளையிலும் தண்டுவடத்திலும் பல இடங்களில் செயல்படுகின்றன. நரம்புகளை அடக்கும் 'காபா' என்னும் வேதிப்பொருளின் ஏற்பிகளை வலுப்படுத்துவது அவற்றுள் முதன்மையானது.

1956-இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்த ஹாலோத்தேனும் குளோரோஃபார்மைப் போல் இதயத்தை அட்ரினலினுக்கு மிகைத் தூண்டலுறச் செய்வதுடன், அரிதாகக் கடுமையான கல்லீரல் அழற்சியையும் தோற்றுவிக்கின்றது. ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் ஆகியவற்றில் இக்குறைகள் மிகக் குறைவு. மரபணுக் குறைபாடு உள்ள சிலருக்கு இவ்வகை ஆவிகளால் உடல் வெப்பம் கட்டின்றி உயர்ந்து தசைகள் இறுகும். டேன்ட்ரோலின் என்னும் மருந்து இதற்கு மாற்றாகும்.

சிரைவழி மயக்க மருந்துகள்

1934-இல் பயன்பாட்டுக்கு வந்த தயோபென்டோன் சிரையில் செலுத்தப்பட்ட அரை நிமிடத்தில் நினைவை நீக்கும். ஐந்து முதல் பத்து நிமிடங்களில் நோயாளி விழித்துக்கொள்வார். ஆனால் மருந்து உடலை விட்டு நீங்கப் பல மணி நேரம் ஆகும். மூளைக்கு இரத்த ஓட்டம் மிகுதி என்பதால் மருந்து முதலில் அங்கே செல்கின்றது; பின்னர் தசைகளுக்கும் கொழுப்புக்கும் பிரிந்து செல்கின்றது. விழிப்புக்குக் காரணம் இந்த மறுபகிர்வே, மருந்து அழிவதன்று. ஆகவே மீண்டும் மீண்டும் செலுத்தினால் தசைகளும் கொழுப்பும் நிறைந்து, விழிப்பு நெடுநேரம் தள்ளிப்போகும்.

இன்று மிகுதியாகப் பயன்படும் புரோபோஃபோல் நீரில் கரையாதது. சோயா எண்ணெயுடன் சேர்த்துப் பால்மமாகத் தயாரிக்கப்படுவதால் பால் போல் வெண்மையாக இருக்கும். பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம் வரை தேவைப்படும். இது விரைவில் சிதைவதால் தெளிவு நன்றாக இருக்கும். எனினும் இரத்த அழுத்தம் குறைவதும், மூச்சு சிறிது நேரம் நிற்பதும் வழக்கம். மூச்சைத் தாங்கிப் பிடிக்கும் கருவியும் பயிற்சியும் இல்லாத இடத்தில் இதனைப் பயன்படுத்துவது ஆபத்தானது.

இவ்வகையில் கெட்டமின் வேறுபட்டது. இது என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பிகளை அடைத்து, நோயாளியைச் சூழலிலிருந்து துண்டிக்கின்றது. வலி முற்றிலும் நீங்கினாலும் கண்கள் திறந்திருக்கலாம். மூச்சு பெரும்பாலும் நிற்பதில்லை. இரத்த அழுத்தம் குறைவதற்கு மாறாக உயர்கின்றது. இதனால் பெருங்கருவிகள் இல்லாத சிறு மருத்துவமனைகளுக்கும், விபத்து, பேரிடர்க் களங்களுக்கும் ஏற்றதாக உள்ளது. விழிக்கும்போது அச்சுறுத்தும் கனவுகள் தோன்றுவது இதன் குறையாகும். போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்பட்டதால் இந்தியாவில் 2013-இல் இது கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே வேளையில் உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது.

உள்ளிட மயக்க மருந்துகள்

நரம்பு இழைக்குள் சோடியம் அயனிகள் நுழைவதாலேயே வலிச் செய்தி மூளையை நோக்கி நகர்கின்றது. உள்ளிட மயக்க மருந்துகள் சோடியம் நுழையும் நுண்வழிகளை உட்புறமிருந்து அடைக்கின்றன. மின்னூட்டம் அற்ற மூலக்கூறுகளே நரம்பின் உறையைக் கடக்க முடியும். சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மை உடையது. அங்கே பெரும்பாலான மூலக்கூறுகள் மின்னூட்டம் பெற்றுவிடுவதால் உள்ளே செல்ல முடிவதில்லை. வீங்கிச் சீழ் வைத்த பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி சரிவரப் பயன் தராமைக்கு இதுவும் ஒரு காரணம்.

1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் கண் அறுவைக்குக் கொக்கெயினைப் பயன்படுத்தியதே இவ்வகையின் தொடக்கம். 1943-இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட லிக்னோகெயினும், அதன் பின் வந்த பூப்பிவாகெயினும் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. லிக்னோகெயினுடன் சிறிதளவு அட்ரினலின் சேர்ப்பதுண்டு. அது அவ்விடத்து இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் மருந்து இரத்தத்தில் கலப்பது தாமதமாகி, பயன் நீடிக்கின்றது.

அளவைக் கணக்கிடுவது இங்கு மிக முதன்மையானது. அட்ரினலின் சேர்க்காத லிக்னோகெயினுக்குப் பொதுவாகக் கூறப்படும் உச்ச அளவு கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம். 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 150 மில்லிகிராம். 2 விழுக்காட்டுக் கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம் உள்ளதால், 7.5 மில்லிலிட்டரே எல்லை. மருந்து தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் சென்றால் அந்த எல்லைக்குள்ளேயே தீங்கு நேரலாம். வாயைச் சுற்றி மரத்தல், காதில் இரைச்சல் ஆகியவை முதல் அறிகுறிகள். பின்னர் வலிப்பும் இதய நிறுத்தமும் நேரலாம். பூப்பிவாகெயின் இதயத் தசையை இறுகப் பற்றிக்கொள்வதால் மீட்பது கடினம். அதற்கு 20 விழுக்காட்டுக் கொழுப்புப் பால்மத்தைச் சிரைவழியே செலுத்துவது இன்றைய மருத்துவ முறை.

தண்டுவட மயக்கம்

1898-இல் செருமனியில் ஆகஸ்ட் பியர் தொடங்கிய இம்முறையில், இடுப்புப் பகுதியில் தண்டுவட நீருக்குள் மருந்து செலுத்தப்படுகின்றது. விருதுநகர் மாவட்டத்தில் மலையடிவாரத்திலுள்ள கூமாப்பட்டி போன்ற சிற்றூர்களிலிருந்து திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் போன்ற நகரங்களுக்குப் பேறுகால அறுவைக்காகச் செல்வோர் 'முதுகு ஊசி' என்று குறிப்பிடுவது இதனையே.

சர்க்கரை கலந்து கனமாக்கப்பட்ட 0.5 விழுக்காட்டுப் பூப்பிவாகெயின் ஏறத்தாழ 2 மில்லிலிட்டர், அதாவது 10 மில்லிகிராம் போதுமானது. கரைசல் கனமாக இருப்பதால் புவியீர்ப்பால் தாழ்ந்த பக்கத்துக்குப் பரவும். நோயாளியின் கிடையை மாற்றி அதன் பரவலை ஓரளவு கட்டுப்படுத்தலாம். தாய் விழித்திருப்பார், தாமே மூச்சு விடுவார், குழந்தைக்குச் செல்லும் மருந்தும் மிகக் குறைவு. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நரம்புகளும் அடைபடுவதால் இரத்த அழுத்தம் குறைவது இதன் முதன்மையான பக்க விளைவு. தண்டுவட நீர் ஊசித் துளை வழியே கசிந்தால் தலைவலி வரும். மெல்லிய ஊசிகளால் இது குறைந்துள்ளது. பேற்றுக்குப் பின் நெடுநாள் நீடிக்கும் முதுகுவலிக்கு இந்த ஊசியே காரணம் என்ற பரவலான நம்பிக்கையை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. கருவுற்றிருக்கும்போது உடல் தாங்கும் எடையும், தசைநார்கள் தளர்வதும் முதுகுவலிக்குப் பெரிதும் காரணமாகின்றன.

கண்காணிப்பு

ஆக்சிசன் அளவு காட்டும் விரல் கருவி, இதய மின்வரைவு, இரத்த அழுத்தமானி, வெளிமூச்சிலுள்ள கார்பன் டைஆக்சைடை அளக்கும் கருவி ஆகியவை இன்று அறுவை அரங்கில் மூச்சையும் இதயத்தையும் ஒருசேரக் காட்டுகின்றன. மயக்க மருத்துவர்கள் போதிய அளவில் இல்லாத ஊர்களுக்காக, பேறுகால அவசர அறுவைகளில் மயக்கம் கொடுக்கும் பயிற்சி பொது மருத்துவர்களுக்கும் இந்திய அரசின் ஊரக நலத் திட்டத்தின் கீழ் அளிக்கப்பட்டது. ஐதராபாத் காலத்தில் மூச்சா, நாடியா என்று வாதிட்டவர்கள் இரண்டையும் விரலாலும் கண்ணாலும் மட்டுமே அறிய வேண்டியிருந்தது. இன்று மயக்கம் கொடுப்பவர் இரண்டையும் அறுவை முடியும்வரை தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதியாகும்.