கச்சான் காற்றும் கடலலையும்

வெள்ளாமை வெட்டி, சூடடித்து, நெல்லும் வீடு வந்து சேர்ந்தபின் கிரான் பக்கத்து இளைஞர்களுக்குக் கையில் வேலை இராது. குளத்து நீர் எட்டும் வயல்காரர் சிறுபோகம் செய்வர். மற்றவர்கள் மேசனுக்குக் கையாளாகவும், கொழும்பில் கடைச் சிப்பந்தியாகவும், கடன்பட்டு ஏஜென்சிக்குக் கட்டி மத்திய கிழக்குக்கும் போவார்கள். சென்ற ஆண்டு சித்திரை கழிந்த ஒரு மாலையில் நான்கு பேர் என்னிடம் வந்தார்கள். நால்வரும் 2007இல் கூடாரங்களில் கிடந்த பிள்ளைகள். படுவான்கரையில் அவர்களுடைய பெற்றோருக்கு இருந்த வயலில் ஒரு பகுதிதான் இன்று திரும்பக் கையில் இருக்கிறது.

"ஃபாதர், அறுகம்பேயில பலகையில அலைக்கு மேல போறதுக்கு வெள்ளக்காரங்க வந்து குவியிறாங்களாம். நாங்களும் போய்ப் பாத்தா என்ன? நம்மட பாசிக்குடாவிலயும் அப்பிடி ஒண்டு செய்யலாந்தானே?" என்று ஒருவன் கேட்டான்.

பலமுறை அந்தப் பாதையால் போயிருந்தும் நானும் அந்த அலைகளை நின்று பார்த்ததில்லை. ஆகவே ஆனி மாதத்தில் ஐவரும் பஸ் ஏறினோம். அங்கு கண்டதையும், கரையோர மக்களிடம் கேட்டதையும், பின்னர் வாசித்து அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நிலத்தை இழந்தவர்களும் பாதி மீட்டவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் பாசிக்குடாக் கேள்வியை முடித்துவிடுவோம். பாசிக்குடாவில் அலைச்சறுக்கு நடவாது. குடாவுக்கு வெளியே இருக்கும் பவளப்பார் அலையை முன்கூட்டியே உடைத்துவிடுகிறது; உள்ளே நீண்ட தூரம் இடுப்பளவு தண்ணீர்தான். குழந்தைகள் குளிக்கவும், நீந்தத் தெரியாதவர் நீந்தப் பழகவும் இலங்கையில் இதைப்போன்ற இடம் அரிது. கண்ணாடி முகமூடி அணிந்து பாரைப் பார்க்கவும் ஏற்றது. பக்கத்துக் கல்குடாக் கரை திறந்த கடல். அங்கே அலையும் உண்டு, இழுவையும் உண்டு. ஆனால் அது பலகை ஓடும் அலையன்று.

அப்படியானால் நூறு கிலோமீற்றருக்கு அதிகமான தூரத்தில், அதே கிழக்குக் கரையில், உலகமே தேடி வரும் அலை எப்படி எழுகிறது? விடை நமக்குத் தெரிந்த காற்றில் பாதி இருக்கிறது. வைகாசி தொடக்கம் ஆவணி வரை மேற்கே இருந்து வரண்டு வீசும் கச்சான் காற்றை மட்டக்களப்பு விவசாயி விரும்புவதில்லை. கத்தரிக் கன்றை வாட்டும், கிணற்றை இறக்கும், பட்டி மாட்டின் எலும்பைக் காட்டும். அதே காற்று கடற்கரையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. வரும் அலையின் முகத்தை அது எதிர்நின்று தாங்குவதால் அலை உடனே சரியாமல், வழுவழுப்பான சுவர்போல் நிமிர்ந்து நிற்கிறது. மற்றப் பாதி வெகு தொலைவில் இருக்கிறது. அந்த மாதங்களில் இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் மாரிகாலம். அங்கே புயல் எழுப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடி, ஓடும்போதே ஒழுங்குபட்டு, வரிசை வரிசையாக நமது தென்கிழக்கு மூலையை அடைகின்றன. கரை கடலுக்குள் முனையாக நீண்டிருக்கும் இடத்தில் அந்த அலை வளைந்து, முனையில் தொடங்கி உள்நோக்கி ஓரமாகவே உடைந்துகொண்டு போகிறது. அந்த ஓரத்தில்தான் பலகைக்காரன் ஓடுகிறான்.

வாடைக் காற்று வீசும் மாரியில் நமது கடல் கொந்தளிக்கிறது. அப்போது அலை உண்டு, ஒழுங்கு இல்லை. அலை தேடுவோர் கார்த்திகையில் தென்மேற்குக் கரைக்கு, வெலிகம, மிதிகம, ஹிக்கடுவ பக்கம் போய்விடுகிறார்கள். சித்திரை அளவில் மீண்டும் கிழக்கே வருகிறார்கள். இதை அங்கே ஒரு தேநீர்க் கடைக்காரர் விளக்கியபோது எங்களில் மூத்தவன் விரல்விட்டு எண்ணினான். சித்திரை முதல் புரட்டாதி வரை அலை. ஐப்பசியில் உழவு, விதைப்பு. மாசி, பங்குனியில் வெட்டு. வானம் பார்த்த வயல்காரனுக்கு வேலை இல்லாத அதே மாதங்களில்தான் அங்கே வேலை. பெரும்போகத்தைக் கைவிடாமலே போய்வர முடியும். இந்தக் கணக்கு எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

இனி இடங்களைப் பற்றி. அறுகம்குடா என்று நாம் சொல்லும் இடத்தில், உல்லைக் கிராமத்தின் தெற்கு மூலையில் பிரதான முனை இருக்கிறது. நீண்ட, வேகமான அலை. கீழே பாறையும் பாரும். பழகியவர்களுக்கு மட்டுமே உரியது. முழங்கால் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கிய நான் உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டு, மூன்று நாள் செருப்புப் போட முடியாமல் நடந்தேன். அதே குடாவின் உட்பக்கத்தில் 'பேபி பொயின்ட்' என்ற இடத்தில் அலை சிறியது. அடியில் பெரும்பாலும் மணல். புதிதாகப் பழகுவோரை அங்கேதான் இறக்குகிறார்கள். பொத்துவிலுக்கு வடக்கே 'விஸ்கி பொயின்ட்', 'பொத்துவில் பொயின்ட்' என்று இரண்டு. முன்னையது மென்மையானது, தொடக்கக்காரருக்கும் உகந்தது. பின்னையது நல்ல நாளில் மணல் மேட்டின் ஓரமாக மிக நீண்ட தூரம் ஓடும். தெற்கே பாணமை வீதியில் யானைப்பாறை. அதற்கப்பால் 'பீநட் ஃபாம்'. கச்சான் தோட்டம் என்று பொருள் சொன்னதும் எங்கள் பிள்ளைகள் சிரித்தார்கள். காற்றும் கச்சான், தோட்டமும் கச்சான்.

எந்த இடத்தை யார் தெரிவது என்பதற்கு அங்குள்ள பயிற்றுநர்கள் பார்ப்பவை சிலவே. அடியில் மணலா பாறையா? அலை ஆளை எங்கே கொண்டுபோய் விடுகிறது, கரைக்கா கல்லுக்கா? காற்று எப்போது திரும்பும்? காலையில் தரைக்காற்று, மதியம் திரும்பியபின் கடற்காற்று அடித்து அலை குலைந்துவிடும். ஆகவே விடியற்காலை ஐந்தரைக்கே பலகையோடு ஓட்டோ ஏறுகிறார்கள். கடைசியாக, எத்தனை பேர் தண்ணீரில் நிற்கிறார்கள்? ஒரு அலைக்கு ஒருவர் என்பது அங்குள்ள வழக்கு. அலை உடையும் இடத்துக்கு மிக அருகில் நிற்பவருக்கே முதல் உரிமை. குறுக்கே புகுந்தால் சண்டைதான்.

இன்னொன்றை எங்கள் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொன்னேன். வாவியிலும் குளத்திலும் நீந்தியவர் கடலிலும் நீந்தலாம் என்று எண்ணக்கூடாது. தெற்குப் பக்கத்து இடங்களுக்கு அருகே களப்புகள் உண்டு. அவற்றில் முதலைகள் உண்டு. 2017 செப்டெம்பரில் யானைப்பாறைக்கு அருகே ஒரு இளம் பிரித்தானியப் பத்திரிகையாளர் களப்பு ஓரத்தில் கைகழுவப் போனபோது முதலை இழுத்துச் சென்றது. குளத்தடியில் வளர்ந்த நமக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வருபவருக்கு யாராவது சொல்லவேண்டும், அதுவும் ஒரு தொழில்தான்.

அலை மட்டும் அங்கே சோறு போடவில்லை. மதியம் காற்றுத் திரும்பியபின் வந்தவர்கள் என்ன செய்வார்கள்? பொத்துவில் களப்பில் மீனவர்கள் தோணியில் ஏற்றிக் கண்டல் மரங்களையும் பறவைகளையும் காட்டுகிறார்கள். இயந்திரம் இல்லை, தாங்குகம்புதான். வலை வீசும் அதே தோணி, அதே கை. தெற்கே பாணமையையும் உகந்தை முருகன் கோயிலையும் கடந்தால் குமண தேசிய பூங்கா. போர்க்காலத்தில் மூடப்பட்டிருந்த அது பின்னர் மீண்டும் திறக்கப்பட்டது. பறவைகளுக்குப் பேர்பெற்றது. கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் ஆண்டுதோறும் உகந்தையில் கூடி அந்தக் காட்டு வழியே நடக்கிறார்கள். நமது மட்டக்களப்பு மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழியை இன்று வெளிநாட்டவர் பணம் கட்டி ஜீப்பில் பார்க்கிறார்கள். தண்ணீர் எங்கே கிடைக்கும், யானை எந்த நேரம் குறுக்கிடும் என்பது நமது ஆச்சிமாருக்குத் தெரியும். நமது பக்கத்திலேயும் குடும்பிமலை இருக்கிறது. 2007 யூலையில் சண்டை முடிந்த இடம் என்று செய்திகளில் அடிபட்ட அந்த மலையை இப்போது ஏறிப் பார்க்க வருகிறார்கள். வழிகாட்டுவதற்கு அந்தக் காட்டில் மாடு மேய்த்தவரைவிடத் தகுதியானவர் யார்?

இவ்வளவும் கேட்கும்போது போனால் பிழைத்துவிடலாம் என்று தோன்றும். அங்கே தங்கிய இரண்டாம் நாள் நாங்கள் கேட்டது வேறு கதை.

2004 டிசெம்பர் 26இல் சுனாமி உல்லையை அடித்துப் போனது. மறு ஆண்டு அரசாங்கம் கடலோரத்தில் வீடு கட்டத் தடை விதித்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கரையில் இருந்த மீனவரை உள்ளே போகச் சொன்ன அதே காலத்தில், சேதமான ஹோட்டல்களைத் திருத்திக்கொள்ள இடம் விடப்பட்டது. அறுகம்பேயைப் பெரும் உல்லாசப் பயணத் தலமாக்கும் திட்டமும் வரையப்பட்டது. மக்கள் ஊர்வலம் போனார்கள். கனேடிய எழுத்தாளர் நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில் இதை உலகறிய எழுதினார். தடை பின்னர் தளர்த்தப்பட்டது. ஆயினும் அந்த இடைவெளியில் காணியை மலிவாக விற்றவர் மீளவில்லை.

பாணமையில் நடந்தது இதிலும் கொடியது. நமக்கு இதிலும் நெருக்கமானது. 2010 யூலையில் ராகம்வெல, சாஸ்திரவெல முதலிய கரையோரக் கிராமங்களில் ஆயுதம் தாங்கியோர் இரவில் வந்து குடிசைகளுக்குத் தீ வைத்தனர். பயிர்செய்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த சுமார் 350 குடும்பங்கள் நிலம் இழந்தன. கடற்படையும் விமானப்படையும் அங்கே முகாமிட்டன. உல்லாசப் பயணத்துக்குக் கண்வைத்த கரை அது என்பதை அந்த மக்கள் அன்றிலிருந்து சொல்லி வருகிறார்கள். 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. காகிதத்தில் விடுபட்ட நிலம் கைக்கு வரவில்லை. 2016 மார்ச்சில் ராகம்வெலக் குடும்பங்கள் சில தாமாகவே உள்ளே போய்க் குடிசை போட்டன. சிங்களம் பேசும் விவசாயிகள் இவர்கள். நமக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது என்பதை எங்கள் நால்வரும் எதிர்பார்க்கவில்லை. "அவங்களுக்குமா ஃபாதர்?" என்று ஒருவன் கேட்டான். திரும்பி வரும் பஸ்ஸில் அவர்கள் அலையைப் பற்றிக் குறைவாகவும் காணியைப் பற்றிக் கூடுதலாகவும் பேசினார்கள்.

அலைக்கு உறுதிப்பத்திரம் இல்லை. அதற்குப் போகும் ஒழுங்கைக்கும், பலகை வாடகைக்கு விடும் கொட்டிலுக்கும், வாகனம் நிறுத்தும் வெளிக்கும் உண்டு. வருமானம் அங்கேதான் சேர்கிறது. பயிற்றுநராகவோ சமையல்காரராகவோ போகிறவர் கூலியாள். கரையில் இரண்டு பேர்ச் வைத்திருப்பவர் முதலாளி. பாசிக்குடாவிலும் 2011 அளவிலிருந்து பெரிய ஹோட்டல்கள் எழுந்தபோது கரைவலைக்காரருக்கும் வள்ளக்காரருக்கும் குடாவில் கிடைத்தது ஒரு ஒதுக்கம் மட்டுமே. ஆகவே கல்குடா, வாகரைப் பக்கம் கரையோரத்தில் பேர்மிட் காணியோ பாட்டன் பூட்டன் காணியோ உள்ளவர்கள், பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பேர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்க முடியாது. வெற்றுத்தாளில் ஒப்பமிடச் சொல்பவர் அதை உங்களுக்குச் சொல்லமாட்டார். இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பதிவு இருக்கலாம்; கேளுங்கள், கேட்ட திகதியை எழுதி வையுங்கள். விற்பதற்குப் பதில் சில ஆண்டுக் குத்தகை என்றால், முடிவில் நிலம் உங்களிடமே திரும்பும்.

உள்ளூரார் மேலே வந்த இடங்களும் உண்டு. சென்னைக்குத் தெற்கே கோவளம் என்ற மீனவக் குப்பத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தாமே அலைச்சறுக்குப் பழகி, 2012இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். குப்பத்துப் பிள்ளைகள் அதில் பழகிப் பயிற்றுநர்களானார்கள். அறுகம்பேயிலும் 2018இல் உள்ளூர்ப் பெண்கள் தமக்கென்று ஓர் அலைச்சறுக்குக் கழகம் அமைத்தனர்; இலங்கையில் அதுவே முதலாவது. ஆரம்பத்தில் வீட்டாரும் ஊராரும் தடுத்தார்கள். பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும்: நீந்தத் தெரிந்த பெண்ணைக் கடல் எளிதில் கொண்டுபோவதில்லை. சுனாமியில் பெண்களே அதிகம் மாண்டார்கள் என்பதை நாம் மறக்கவில்லை.

நால்வரில் ஒருவன் இந்த ஆண்டு சித்திரையில் அறுகம்பே போனான். பலகை திருத்தும் கொட்டிலில் வேலை. பிசின் பூசவும் துணி ஒட்டவும் கற்கிறான். ஐப்பசியில் உழவுக்கு வருவதாகச் சொல்லித்தான் சேர்ந்தான், முதலாளியும் ஒத்துக்கொண்டார். இரண்டாமவன் பாசிக்குடாவில் உயிர்காப்புப் பயிற்சிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறான். மூன்றாமவன் கட்டாருக்குப் போய்விட்டான். நான்காமவன் தகப்பனுக்குத் திரும்பக் கிடைத்த அரை ஏக்கரில், வாய்க்கால் ஓரமாகக் கிணறு வெட்டி வத்தகையும் வெள்ளரியும் போட்டிருக்கிறான். போன கிழமை முதல் காய்களை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்குடா வீதிக்குப் போனான். ஹோட்டல்காரர் சிறிய காயாகக் கேட்கிறார்களாம். அடுத்த முறை விதையை மாற்றிப் பார்க்கப் போகிறான்.