கடற்பாலத்தைக் கடக்காத சான்றிதழ்

ஆயிரக்கணக்கான சர்வர் கணினிகளும், அவற்றுக்கு இடைவிடாமல் மின்சாரமும் குளிர்ச்சியும் அளிக்கும் கருவிகளும் ஒருங்கே அமைந்த வளாகம் தரவு மையம் எனப்படுகிறது. இத்துறையின் வேலைவாய்ப்பு என்றவுடன் மென்பொருள் எழுதுவோரே பலருடைய நினைவுக்கு வந்தாலும், மையத்தை அன்றாடம் இயக்கிக் காப்பவர்களில் பெரும்பாலோர் எலக்ட்ரீஷியன், குளிர்சாதன மெக்கானிக், ஜெனரேட்டர் பராமரிப்பாளர் எனத் தொழிற்கல்வி வழியே வந்தவர்கள். அவர்களுடைய பயிற்சி ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்காத சிக்கலாகிவிட்டதற்குச் சிங்கப்பூரும் அதை ஒட்டிய மலேசிய மாநிலமான ஜொகூரும் தெளிவான சான்றாக உள்ளன.

சிங்கப்பூரில் 1,400 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட திறன்கொண்ட தரவு மையங்கள் இயங்குகின்றன. 2020ஆம் ஆண்டில் அந்நாட்டு மின்நுகர்வில் ஏறத்தாழ 7 விழுக்காடு இத்துறைக்கே சென்றது. நிலமும் மின்சாரமும் போதாத நிலையில் 2019 முதல் 2022 தொடக்கம் வரை புதிய மையங்களுக்கான அனுமதியை அரசு நிறுத்தி வைத்தது. பின்னரும் அளந்தே அளித்தது. இதனால் முதலீட்டில் கணிசமான பகுதி, இரு நாடுகளையும் இணைக்கும் ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள கடற்பாலத்துக்கு அப்பால், செடெனாக், நூசாஜெயா போன்ற ஜொகூர்ப் பகுதிகளுக்குப் பெயர்ந்தது. 2025 ஜனவரியில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம், முதல் ஐந்து ஆண்டுகளில் பல துறைகளிலும் சேர்த்து 20,000 திறன்சார் வேலைகளை உருவாக்குவதை இலக்காகக் கொண்டுள்ளது.

தரவு மையத் தொழில்நுட்பரின் பணி, பழுதான பின் சரிசெய்வதைவிடப் பழுது நேராமல் காப்பதையே மையமாகக் கொண்டது. தரவு மையங்களுக்கென அப்டைம் இன்ஸ்டிடியூட் என்னும் அமைப்பு வகுத்துள்ள நான்கு தரநிலைகளுள் மூன்றாவது, எந்த ஒரு கருவியைப் பராமரிப்புக்காக நிறுத்தினாலும் சர்வர்கள் நிற்கக் கூடாது என வேண்டுகிறது. ஆகவே ஒரு சுவிட்சைத் திறப்பதற்கு முன்னரே, எந்த வரிசையில் எதைச் செய்வது, இடையில் தவறினால் எங்கிருந்து மீள்வது என்பதெல்லாம் எழுதி ஒப்புதல் பெறப்படுகின்றன. இந்த ஒழுங்கு வகுப்பறைப் பாடத்தால் மட்டும் கைவருவதில்லை; இயங்கும் மையத்தில் மூத்தவர்களின் மேற்பார்வையில் பழகினால்தான் படியும். பயிற்சியின் பெரும்பகுதியைத் தொழிலகத்திலேயே நடத்தும் ஜெர்மானிய முறையைத் தழுவி, 2005இல் மலேசியா தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறை இத்தேவைக்குப் பொருந்தக்கூடிய ஒன்று.

ஆனால் பயிற்சி முடித்தவரின் தகுதி, மூன்று தனித்தனித் தாள்களில் சிதறிக் கிடக்கிறது. முதலாவது கல்விச் சான்று: மலேசியாவில் ஐந்து நிலைகளாக அமைந்த திறன் சான்றிதழ்கள், சிங்கப்பூரில் தொழில்நுட்பக் கல்விக் கழகம் அளிக்கும் நைடெக், உயர் நைடெக் ஆகியவை இவ்வகையின. இரண்டாவது, மின் கருவிகளைக் கையாளச் சட்டம் கோரும் தகுதி. மலேசியாவில் எரிசக்தி ஆணையம் ‘சார்ஜ்மேன்’ தகுதியை வழங்க, சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையம் மூன்று படிநிலைகளில் மின்பணியாளர் உரிமம் அளிக்கிறது. மூன்றாவது, தனியார் அமைப்புகள் சில நாள் வகுப்பு நடத்தி வழங்கும் சான்றிதழ். இருபுறமும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என ஒன்றாகவே இருந்தும், எல்லை கடந்து எளிதில் செல்வது மிகக் குறுகிய பயிற்சிக்குரிய அந்த மூன்றாவது தாள் மட்டுமே.

இவ்விரு நாடுகளும் உறுப்பினராக உள்ள தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள், தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்பதற்கு முயலாமல் இல்லை. பொறியாளர்களுக்கான ஏற்பு ஒப்பந்தம் 2005இலேயே கையெழுத்தானது. பட்டமும் ஏழாண்டு அனுபவமும் உடையவர்கள் அதன்வழி ஆசியான் பட்டயப் பொறியாளராகப் பதிவு பெறலாம். விடுதி அறைப் பணியாளர், சமையலர் உள்ளிட்ட 32 சுற்றுலாப் பணிகளுக்கும் பொதுத் தகுதிநெறி உண்டு. பட்டம் பெற்ற பொறியாளருக்கும் விடுதி ஊழியருக்கும் கிடைத்த ஏற்பு, இடையில் நிற்கும் மின் தொழில்நுட்பருக்குக் கிடைக்கவில்லை. தேசியத் தகுதிகளை ஒப்பிடுவதற்கு எட்டு நிலைகள் கொண்ட ஆசியான் சட்டகம் ஒன்று இருப்பினும், அது சான்றுகளை ஒப்புநோக்க உதவுமே தவிர, பணிபுரியும் உரிமையைத் தராது.

மின்பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்பு அந்தந்த நாட்டுக்கே உரியது என்பதால், உரிமத்தை முற்றிலும் பொதுவாக்குவது எளிதன்று. ஒரு விபத்து நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியது உள்நாட்டு ஆணையமே. எனினும் யுபிஎஸ் எனப்படும் தடையிலா மின்வழங்கியின் பராமரிப்பு, குளிர்நீர்ச் சுற்று, எழுதப்பட்ட செயல்முறையின்படி நடத்தல் ஆகிய பொதுத்திறன்களை ஒருமுறை சோதித்து இரு நாடுகளும் ஏற்றுக்கொண்டு, உள்நாட்டு விதிகளை மட்டும் குறுகிய இணைப்புப் பாடமாகப் பிரித்து வைக்க இயலும்.

அப்படிச் செய்யும்போது செலவுப் பொறுப்பையும் தீர்மானிக்க வேண்டியிருக்கும். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேலாக மதிப்புப் பெறும் சூழலில், ஜொகூர் தன் செலவில் பழக்கிய ஊழியரைப் பாலத்துக்கு அப்பாலுள்ள ஊதியம் ஈர்ப்பது இயல்பு. சான்றிதழ் எளிதில் எல்லை கடக்கத் தொடங்கினால் அந்த ஈர்ப்பு மேலும் வலுக்கும். ஆகவே பொதுச் சான்றிதழுடன், இரு புறத்து நிறுவனங்களும் பங்களிக்கும் பொதுப் பயிற்சி நிதியும் சேர்ந்தே வர வேண்டும்; முன்னது மட்டும் வந்தால், பயிற்சியளிக்கும் ஊர் தன் இழப்புக்குத் தானே செலவிட்டதாக ஆகிவிடும்.