முன்சில்லு சூடேறுவதேன்?

பரந்தனிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள வீதி மேடுபள்ளமற்றது. அவ்வழியே வரும் பிக்கப் வாகனத்தின் சாரதி பிறேக்கை மிதிக்குந் தருணங்கள் மிகச் சில. அங்ஙனமிருந்தும் வந்து நிறுத்தியதும் முன்சில்லொன்றினின்று கருகல் மணம் எழுமாயின், மிதியை விட்ட பின்னும் பிறேக் விடவில்லை என்பதே பொருள். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கிய வாகனத்திற்கு இது பொருந்தாது. ஆங்கு இரு முன்சில்லுகளும் ஒத்த அளவிற் சூடேறுதல் இயல்பே.

இதனை அற்பமென யாம் கருதவில்லை. ஓயாது உரசும் தட்டுக்கு ஆறுதற்கு நேரமில்லை. அதன் வெப்பம் பிறேக் திரவத்தை எட்டுகின்றது. டொட் 3 வகைத் திரவம் புதியதாயின் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பநிலையிலேயே கொதிக்கும். ஆயின், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு நீர் சேர்ந்தவிடத்துக் கொதிநிலை 140 பாகையளவிற்கு இறங்கிவிடக்கூடும். திரவம் ஆவியாயின் ஆவி அமுங்கும்; மிதி தரையைத் தொடும்; வாகனமோ நில்லாது. பின்தட்டிற் கூலியாட்களை ஏற்றிச் செல்வோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

கல்லூரியிற் பௌதிகம் பயின்றோர் பசுக்காலின் விதியை மறந்திரார். மிதியின் அமுக்கம் திரவம் வாயிலாகக் கலிப்பரிலுள்ள பிஸ்டனைத் தள்ள, அது பாட் எனும் உராய்வுத் துண்டுகளைத் தட்டின்மேல் நெருக்குகின்றது. பிஸ்டனை மீட்டிழுக்கச் சுருள்வில் ஏதும் இல்லை. அதனைச் சூழ்ந்த சதுரவெட்டு றப்பர் வளையம் சற்றே முறுகிப் பின் தன்னிலை எய்துங்கால் பிஸ்டனும் மயிரிழையளவு பின்வாங்குகின்றது, அவ்வளவே. சிறிது துரு அதனைத் தடுத்தற்குப் போதும்.

சோதனையை ஓட்டம் முடிந்தவுடன் செய்க. தட்டிற் கைவைத்தல் ஆகாது. புறங்கையைச் சில்லினருகே பிடித்தாலே தெரியும். இரண்டும் அளவிறந்து சூடாயின் மாஸ்ரர் சிலிண்டரையும் அதனைத் தள்ளும் கோலையும் ஐயுறுக. கோலுக்குச் சிறிது தளர்வு இல்லாவிடின், திரவம் தொட்டிக்கு மீளும் சிறுதுளை அடைபட்டு அமுக்கம் உள்ளேயே தங்கும்.

ஒன்று மாத்திரமாயின், ஏனைய சில்லுகளுக்குக் கல் அணை கொடுத்து, அதனை ஜக்கியால் உயர்த்தி, பிறேக்கை ஒருமுறை மிதித்து விட்டுக் கையாற் சுழற்றுக. இறுகியிருப்பின், கலிப்பரிலே காற்று நீக்கும் திருகாணியைச் சிறிதே தளர்த்துக. திரவம் பீறிட்டுச் சில்லு விடுபடின் குற்றம் அமுக்கத்தின்பாற்பட்டது. பெரும்பாலும் றப்பர்க் குழாயே குற்றவாளி. வெளியே பழுதற்றுத் தோன்றும் அக்குழாய் உள்ளே வீங்கியிருக்கும். மிதியின் வன்மை திரவத்தை அதனூடே செலுத்திவிடும். திரும்பி வருதற்கோ அவ்வன்மை இல்லை. தளர்த்தியும் சில்லு விடாவிடின் பிஸ்டன் துருவேறியிருக்கும், அல்லது கலிப்பர் வழுக்கிச் செல்லும் ஊசிகள் உலர்ந்து இறுகியிருக்கும். சில்லின் பெயறிங் மிகையாக இறுக்கப்பட்டிருப்பினும் சூடேறும் என்பதையும் நினைவிற் கொள்க.

பாட்டுகளை மட்டும் மாற்றி வாகனத்தை அனுப்பிவிடும் வழக்கத்தை யாம் ஏற்கோம். தடித்த புதிய பாட்டுக்கு இடந்தரப் பிஸ்டனைப் பின்தள்ளுங்கால், அதன் துருவேறிய பகுதியே றப்பர் வளையத்துட் புகுகின்றது. இறுகிய உறுப்புக்கு எஞ்சின் ஒயில் ஊற்றுதல் அதனினுங் கேடு. வளையம் ஊதிப் பிஸ்டனை இன்னும் இறுக்கிவிடும். பழுதுற்ற றப்பர்க் குழாய்களை இருபுறமும் ஒருங்கே மாற்றி, காற்றை நீக்கி, சமதரையிற் சில கிலோமீற்றர் ஓட்டியபின் இரு சில்லுகளின் சூட்டையும் மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்க.