மீடிறனில் ஏறிவரும் குரல்

ஐப்பசி மழைக்காலம். மின்னல் ஒன்று வெட்டியதும் வாப்பாவின் பழைய ரேடியோ 'கர்ர்' என்று கத்தும். செய்தியில் பாதி அதோடு போய்விடும். எஃப்.எம்.மில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. "அதே மின்னல்தானே சேர், இதில மட்டும் ஏன் கேக்குதில்ல?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். தமிழ்ப் பாடத்தில் கேட்கும் கேள்வியா என்று தட்டிக்கழிக்க மனம் வரவில்லை.

மீடிறன் என்ற சொல்லை மீள் + திறன் என்று பிரித்தாலே பாதி விளங்கிவிடும். ஓர் அலை ஒரு செக்கனில் எத்தனை தடவை மீள்கிறது என்பதே மீடிறன். அலையின் உயரம் வீச்சம். பழைய மத்திய அலை ஒலிபரப்பில் குரல் வீச்சத்தில் ஏறி வருகிறது. மின்னலும் அதே வீச்சத்தில்தான் போய் ஒட்டிக்கொள்கிறது. எது குரல், எது மின்னல் என்று பிரித்தறிய வானொலிப் பெட்டிக்கு வழியில்லை.

எஃப்.எம்.மில் வீச்சம் மாறுவதில்லை, மீடிறன்தான் மாறுகிறது. 100 மெகாஹேர்ட்ஸ் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேச்சில்லாதபோது அதன் காவி அலை செக்கனுக்கு 10 கோடி தடவை அதிர்கிறது. அந்த அலையை உண்டாக்கும் சுற்றில் வரக்டர் டயோட் ஒன்றை வைத்து, ஒலிவாங்கியின் வோல்ட்டளவை அதற்குக் கொடுப்பது ஒரு முறை. வோல்ட்டளவு மாற டயோட்டின் கொள்ளளவம் மாறும். அதோடு மீடிறனும் கூடிக் குறையும். ஆகக்கூடிய விலகல் பக்கத்துக்கு 75 கிலோஹேர்ட்ஸ். சத்தம் பெரிதென்றால் விலகல் பெரிது. சுருதி உயர்ந்தால் ஊசலாட்டம் விரைவு: 1000 ஹேர்ட்ஸ் விசில் என்றால் செக்கனுக்கு 1000 தடவை மீடிறன் ஏறி இறங்கும்.

வானொலிப் பெட்டி அந்த அலையை முதலில் 10.7 மெகாஹேர்ட்ஸுக்கு இறக்கிக்கொள்ளும். பிறகு 'லிமிட்டர்' என்ற சுற்று அலையின் தலையைச் சமமாக வெட்டிவிடும். மின்னல் ஏறியிருந்தது பெரும்பாலும் அந்தத் தலையில்தானே! வெட்டிய பிறகும் குரலுக்குச் சேதமில்லை. அது மீடிறனில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த சுற்று நடு மீடிறனில் பூச்சியமும், மேலே போனால் நேர் வோல்ட்டளவும், கீழே இறங்கினால் மறை வோல்ட்டளவும் தரும். இன்னொரு முறையில், பெட்டிக்குள் இருக்கும் அலையாக்கி ஒன்று வரும் அலையை விடாமல் துரத்தும். அதைத் துரத்த வைக்கும் வோல்ட்டளவே நாம் கேட்கும் குரல்.

இதை நடைமுறையாக்கியவர் அமெரிக்கரான எட்வின் ஆம்ஸ்ட்ரோங். எஃப்.எம்.மால் பயனில்லை என்று 1922இல் ஜோன் கார்சன் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். குறுகிய விலகலுக்கு அந்தக் கணக்கு சரி. ஆம்ஸ்ட்ரோங் விலகலை அகலமாக்கினார், இரைச்சல் அடங்கியது. 1933இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் 1945இல் எஃப்.எம். புதிய அலைவரிசைக்கு மாற்றப்பட, மக்கள் வாங்கியிருந்த பெட்டிகள் பயனற்றுப்போயின. காப்புரிமை வழக்குகளில் காசும் மனமும் தேய்ந்து, 1954இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மனைவி மரியன் வழக்குகளை விடவில்லை. கடைசி வழக்கும் 1967இல் அவர் பக்கமே முடிந்தது.

அந்தப் பிள்ளைக்கு இவ்வளவையும் சொன்னேன். "அப்ப மின்னல் வரத்தான் செய்யுது, பெட்டிதான் அதை வெட்டி எறியுது, என்ன சேர்?" என்றாள். அதுதான் விடை.