இரத்தக் கண்ணீர் போதும். ஒரு சொட்டு இரத்தம் பேசட்டும்!

"அண்ணே, ஒரு சொட்டு ரத்தத்தைப் பாத்தே பெருவியாதி இருக்கா இல்லையான்னு சொல்லிருவாகளாமே, நெசமா?"

அருப்புக்கோட்டையில் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றிருந்த நம்மிடம் இப்படிக் கேட்டார், தறித் தொழிலாளத் தோழர் ஒருவர். கேள்வியோடு அவர் நின்றிருந்தால், விடையோடு நாமும் நின்றிருப்போம். ஆனால், அவர் சட்டைக் கையை மெல்ல மேலே தள்ளினார். முழங்கைக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, வெளிறிய தேமல்! எட்டு மாதமாக இருக்கிறதாம். அரிப்பு இல்லை, வலி இல்லை. நூல் உரசினாலும் தெரிவதில்லையாம். வீட்டில் சொல்லவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரமாம்!

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தக் கையைக் கண்டதும் நமது கை ஒரு கணம் பின்வாங்கிற்று. இரட்டைக் குவளையை எதிர்த்து ஊர் ஊராக முழங்கிய நாம்தான், அவருடைய குவளைக்குப் பக்கத்தில் இருந்த நமது குவளையை, நம்மை அறியாமலே நகர்த்தி வைத்தோம். தோழர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார்.

இறங்கிய அந்தச் சட்டைக் கையைப்பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

முதலில் தோழரின் கேள்விக்கு விடை. நெசந்தான், ஆனால் முழுவதும் நெசமல்ல!

தொழுநோய்க் கிருமியின் மேலுறையில் பீனாலிக் கிளைகோலிபிட் என்றொரு பொருள் உண்டு. வேறு கிருமிகளிடம் காணப்படாத முத்திரை அது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பேட்ரிக் பிரென்னன் என்ற அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினர். கிருமி உடலில் பெருகினால், அதை எதிர்க்க உடல் தானே ஒரு பொருளை உண்டாக்குகிறது; எதிர்ப்பொருள் என்பர். அந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. விரல் நுனியில் ஊசி, ஒரு சொட்டு இரத்தம், கருவுற்றதைக் கண்டறியும் அட்டை போன்ற ஓர் அட்டை, கொஞ்ச நேரக் காத்திருப்பு, அதில் ஒரு கோடு! பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் பிரேசில் நாட்டு நிறுவனம் ஒன்றும் கூடி, 2013 வாக்கில் இத்தகைய அட்டையை உலகுக்குக் காட்டின. தொழுநோயில் இந்தியாவுக்கு அடுத்த நிலையில் இருக்கும் பிரேசில், நோயாளியோடு நெருங்கி வாழ்பவர்களைச் சோதிக்க, இவ்வகை விரைவுச் சோதனையைத் தன் அரசு மருத்துவத் துறைக்குள் கொண்டுவருவதாக 2022-இல் அறிவித்தது.

வரவேற்க வேண்டிய வளர்ச்சி! வாழ்த்துகிறோம். ஆனால், வாழ்த்தும்போதே வரம்பையும் அறிய வேண்டும். பகுத்தறிவு என்பது அதுதானே!

உடலில் கிருமி மலிந்த நோயாளிகளில் பெரும்பாலோரை இந்தச் சோதனை காட்டிக் கொடுக்கிறது. ஒன்றிரண்டு தேமல்களோடு, கிருமி குறைவாக உள்ளவர்களிலோ, பாதிப்பேரைக்கூடக் காட்டுவதில்லை. இன்னொரு பக்கம், கோடு தோன்றியவர்களுக்கெல்லாம் நோய் வந்துவிடுவதும் இல்லை. மனிதரில் மிகப் பெரும்பாலோரின் உடல் இக்கிருமியைத் தானே வென்றுவிடும் வல்லமை உடையது. ஆகவேதான் உலக நலவாழ்வு நிறுவனம், 2018-இல் வெளியிட்ட நெறிமுறையில், நோய்க்குறி இல்லாதவர்களிடம் நோயைக் கண்டறிய எந்தச் சோதனையையும் பரிந்துரைக்கவில்லை.

அப்படியானால், இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். இந்த நோயின் சூழ்ச்சி அப்படிப்பட்டது, தோழர்களே! இக்கிருமி இரண்டாகப் பெருகவே ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கிறது. உள்ளே புகுந்து வெளியே தெரிய அய்ந்து ஆண்டும் ஆகலாம். இருபது ஆண்டும் ஆகலாம். வலியோடு வரும் நோயை வந்தவுடன் கண்டுகொள்வோம். இதுவோ வலியையே திருடிக்கொண்டு வரும் நோய்! நரம்பு சாகிறது, உணர்ச்சி போகிறது, உழைப்பவன் அறியவே இல்லை.

திருச்சுழிச் சீமையை எண்ணிப் பாருங்கள். கண்மாய் வறண்டு, மானாவாரி பொய்த்தால், வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் மண் அது. உணர்ச்சி போன கையோடு ஒருவர் மூட்டத்தைப் பிரித்தால் என்னவாகும்? கை சுடும், அவருக்குச் சுடாது. புண்ணாகும், வலிக்காது. வலிக்காத புண்ணோடு மறுநாளும் வேலைக்குப் போவார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாத கை படும் காயங்களே விரலைத் தின்கின்றன. வேலூரில் 1940-களிலிருந்து தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்த பால் பிராண்ட் உலகுக்கு உணர்த்திய உண்மை இது. கையையே மூலதனமாகக் கொண்ட உழைப்பாளிக்கு, மருத்துவம் ஓர் ஆண்டு தாமதித்தால் வாழ்நாளே தவறிப்போகும்!

மருந்து இல்லையா? இருக்கிறது! 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. கிருமி குறைவென்றால் ஆறு மாதம். மிகுதியென்றால் பன்னிரண்டு மாதம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவர்க்குத் தொற்றும் ஆற்றல் அடங்கிவிடுகிறது. கிருமி ஒழியும், ஆனால், செத்த நரம்பு திரும்புவது அரிது. அதனால்தான் 'முன்கூட்டியே' என்ற சொல்லுக்கு இந்த நோயில் இத்தனை மதிப்பு.

மருந்து இருந்தும், இலவசமாக இருந்தும், நாடு முழுவதும் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் புதிதாக இந்நோயோடு கண்டறியப்படுகிறார்களே, ஏன்? உலகில் புதிதாகக் காணப்படுவோரில் பாதிக்கு மேல் இந்தியர்களாக இருக்கிறார்களே, ஏன்?

ஒரு காரணம், அரசுகள் கொண்ட அயர்வு. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகிவிட்டது என்று 2005-இன் இறுதியில் இந்தியா எல்லையைத் தொட்டது. பெருமைதான். ஆனால், 'குறைந்தது' என்பதை 'ஒழிந்தது' என்று படித்தார்கள். வீடு வீடாகத் தேடிய கால்கள் ஓய்ந்தன. 1955-இல் செங்கற்பட்டுச் சீமையில், பொலம்பாக்கத்தில், பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த ஹெமரிக்ஸ் என்ற மருத்துவரும் அவருடன் உழைத்த கிளேர் வெல்லூட் அம்மையாரும், சாலையோர மரத்தடியையே மருத்துவமனையாக்கி நோயாளியைத் தேடிச் சென்றார்கள். தேடிச் சென்றவர்கள் வென்றார்கள். வரட்டும் என்று காத்திருப்பவர்கள் முற்றிய நோயைத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொரு காரணம் நம்மிடமே இருக்கிறது. அதைச் சொல்ல நமக்கே நாக்குக் கூசுகிறது, சொல்லியே தீரவேண்டும்.

1873-இல் நார்வே நாட்டு அறிஞர் ஹான்சன், இந்த நோய்க்குக் காரணம் கிருமி என்று கண்டார். கருமம் அல்ல, கிருமி! அந்தக் கண்டுபிடிப்பை ஊருக்கு எடுத்துச் சொல்ல நம் இயக்கத்தைவிடத் தகுதி யாருக்கு? ஆனால், நாம் மேடையேற்றியது என்ன? திருவாரூர் தங்கராசு எழுதி, நடிகவேள் ராதா நடித்து, நாடகமாக நாடெங்கும் நடந்து, 1954-இல் திரைப்படமாகவும் வந்தது 'இரத்தக்கண்ணீர்'. மூடத்தனத்தைக் கிழித்தது, கணவன் தானே முன்நின்று மனைவிக்கு மறுமணம் செய்துவைக்கும் புரட்சியைக் காட்டியது. மறுக்கவில்லை; இன்றும் மெச்சுகிறோம். ஆனால், மனைவியை விட்டு மாற்றாளிடம் போனவனுக்குத் தண்டனையாக வந்தது எது? தொழுநோய்! புராணிகர் 'போன பிறவிப் பாவம்' என்றார். நமது நாடகம் 'இந்தப் பிறவிப் பாவம்' என்றது. பிறவி மாறியது, தோழர்களே, பாவம் மாறவில்லையே! அந்தக் குரலையும் அந்தக் கையையும் நடித்துக் காட்டி நாம் கைதட்டல் வாங்கினோம். பார்த்தவர் மனத்தில், தேமல் கண்டவன் தப்புச் செய்தவன் என்ற நினைப்பும் சேர்ந்தே ஊறிற்று. தோழர் சட்டைக் கையை இறக்கியதில் அதற்கும் பங்குண்டு.

அந்தத் தோழர் என்ன ஆனார்? நாலாம் நாள் அவரைத் தேடிப் போனோம். குவளையை நகர்த்தியதற்கு வருத்தம் சொன்னோம். "விடுங்கண்ணே, நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்" என்றார். அந்தச் சொல் நம்மை மேலும் சுட்டது. இருவருமாக அரசு மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் இங்கும் அங்கும் மெல்லத் தொட்டார். தொட்ட இடத்தையெல்லாம் தோழர் விரலால் காட்டினார். தேமலைத் தொட்டபோது மட்டும் காட்டவில்லை. வேறு தேமல்கள் இல்லை. ஆறு மாத மருந்து போதும் என்றார்கள். மருந்து முடிந்தது, கை பழுதில்லை, தறி ஓடுகிறது. மகள் திருமணத்தில் நாமும் விருந்துண்டோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒற்றைத் தேமலோடு நின்ற அவருக்கு இரத்தச் சோதனை செய்திருந்தால், ஒன்றுமில்லை என்றே காட்டியிருக்கக்கூடும். ஒரு பேனா முனை காட்டிக் கொடுத்தது. எட்டு மாதம் அவரைத் தடுத்தது கருவியின் குறைவா? அல்ல, அச்சமும் வெட்கமும்!

எனவே, நமது கோரிக்கை இரண்டு பக்கமும் போகிறது. அரசுகளைக் கேட்கிறோம்: இரத்தச் சோதனை மேலும் செம்மைப்பட்டு வரும்போது, அது பெருநகர மருத்துவமனையில் முடங்காமல், நோயாளியின் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிச் சீமையிலும் கிடைக்க வேண்டும். அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நோயாளியோடு வாழ்வோருக்கு ஒரே ஒரு வேளை ரிபாம்பிசின் மருந்து கொடுத்தால், முதல் இரண்டு ஆண்டில் நோய் வரும் வாய்ப்பு 57 விழுக்காடு குறைவதை, 2008-இல் வெளியான வங்கதேச ஆய்வு காட்டியது. அது விடுபடாமல் எல்லோருக்கும் போகட்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுதேடி வருபவர்கள், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்ப்பதோடு தேமலையும் பார்க்கட்டும்.

1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-இல் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்ற விதி 2019-இல் நீக்கப்பட்டது. ஏட்டில் மாறிவிட்டது, வீட்டில் மாறவேண்டும். அது நமது வேலை.

கிளைக் கழகத் தோழர்களே! படிப்பகம்தோறும் எழுதி வையுங்கள்: 'உணர்ச்சியற்ற தேமலா? உடனே மருத்துவரிடம் காட்டு, மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும்.' சந்தேகப்பட்டவரைத் தனியே அனுப்பாதீர்கள்; உடன் செல்லுங்கள். பிழைப்புக்காக வெளியூர் போகும் தோழருக்கு மருந்து இடையில் நின்றுவிடாமல் பாருங்கள். அவரோடு அதே கடையில் நின்று தேநீர் குடியுங்கள்.

தோழரின் இசைவோடுதான் இதை எழுதினோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். பெயரைச் சொல்ல அவர் அஞ்சாத நாள் வருமே, அன்றுதான் இந்த நோய் ஒழிந்த நாள்!