வீட்டைக் காக்கும் கேமராவைக் காப்பது யார்?

புது தில்லி: திருடரிடமிருந்து வீட்டைக் காப்பதற்கெனப் பொருத்தப்படும் கண்காணிப்பு கேமராவே, அவ்வீட்டின் அந்தரங்கத்தை ஊரறியச் செய்யும் கருவியாக மாறக்கூடும். இது வெறும் அச்சமன்று. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் கேமராப் பதிவுகள், பெண்களின் சிகிச்சைக் காட்சிகள் உள்பட, இணையத்தில் விலைக்கு விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் அம்பலமானது. கேமரா அமைப்புகளுக்குள் ஊடுருவி இக்காட்சிகள் திருடப்பட்டது விசாரணையில் தெரிய வந்தது. மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தோர் கைது செய்யப்பட்டனர்.

உலக அளவில் இதற்கான எச்சரிக்கை மணி 2016-லேயே ஒலித்துவிட்டது. ஆலையில் வைக்கப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் 'மிராய்' என்னும் தீங்கு நிரல் கைப்பற்றியது. அவற்றையே படையாகக் கொண்டு அவ்வாண்டு அக்டோபரில் நடத்தப்பட்ட தாக்குதலில், அமெரிக்காவின் முன்னணி இணையதளங்கள் பல முடங்கின. உரிமையாளர்களோ தங்கள் கேமரா தாக்குதலில் பங்கேற்றதை அறியவே இல்லை.

தாமதமாக வந்த ஆணை

அரசு நிறுவனங்களில் சீன நிறுவனங்களின் கேமராக்கள் 10 லட்சம் உள்ளதாகவும், காட்சிகள் வெளிநாட்டு சர்வர்களுக்குச் செல்லும் அபாயம் உள்ளதாகவும் 2021 மார்ச்சில் அன்றைய மத்திய இணையமைச்சர் சஞ்சய் தோத்ரே நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். ஆயினும், கேமராக்களுக்கான இணையப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு அறிவித்தது 2024 ஏப்ரலில்தான். அவை 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தன. கருவியைத் திறந்து சேதப்படுத்த இயலாமை, தகவலைக் குறியாக்கம் செய்து அனுப்புதல், மென்பொருளின் நம்பகத்தன்மை ஆகியவற்றை அரசு அங்கீகரித்த ஆய்வகங்களில் நிரூபிக்க வேண்டும் என்பது இதன் சாரம்.

இதற்கு முன் கேமராக்களுக்கு வழங்கப்பட்ட இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு, மின்கசிவு, தீ போன்ற ஆபத்துகளுக்கு எதிரான பாதுகாப்பை மட்டுமே உறுதி செய்தது என்பது குறிப்பிடத்தக்கது. எனவே, பழைய சரக்கின் பெட்டியில் முத்திரை இருப்பதாலேயே அது ஊடுருவலைத் தாங்கும் எனக் கருத இயலாது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பெட்டியில் உள்ள, 'ஆர்' எனத் தொடங்கும் பதிவு எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். புதிய பாதுகாப்பு விதிகளின்படி சோதிக்கப்பட்ட மாதிரிதானா என்று விற்பனையாளரிடம் கேட்பது அவசியம். முதல் முறை இயக்கும்போதே கடவுச்சொல்லை மாற்றுமாறு வற்புறுத்தும் கருவி நல்லது. அனைத்துக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல் இருப்பின் தவிர்ப்பதே நலம். மென்பொருள் மேம்பாடு எத்தனை ஆண்டு கிடைக்கும், காட்சிகள் வீட்டிலுள்ள நினைவகத்தில் சேமிக்கப்படுமா அல்லது நிறுவனத்தின் சர்வருக்குச் செல்லுமா என்பதையும் அறிய வேண்டும். படுக்கையறையை நோக்கிக் கேமரா வைக்காதிருப்பது எந்தத் தொழில்நுட்பத்தையும்விடச் சிறந்த காவல்.

சட்டத்தின் இடைவெளி

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடன் வசிப்போரின் இசைவின்றி வீட்டின் குடியிருப்புப் பகுதியில் கேமரா பொருத்துவது அவ்வுரிமையை மீறுவதாகும் என்ற கொல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் தம் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவலுக்குப் பொருந்தாது. நிறுவனங்களுக்கும், 2025 நவம்பரில் வெளியான விதிகள் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் அளித்துள்ளன.

எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லுடன் கருவிகளை விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரலிலேயே தடை செய்தது. பாதுகாப்பு மேம்பாடு எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை அறிவிப்பதும் அங்கு கட்டாயம். இந்தியாவிலோ, தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021-இல் வெளியிட்ட, வீட்டுக் கருவிகளுக்கான நடத்தை நெறிகள் வழிகாட்டுதலாக மட்டுமே வந்தன. புதிய கேமராக்களுக்கு ஆணை வந்துவிட்டது. ஏற்கெனவே சுவரில் தொங்கும் கேமராக்களை அது தொடாது. அவற்றைத் திரும்பப் பெறவோ, சரிசெய்து தரவோ உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தாதவரை, முழுச் சுமையும் வீட்டு உரிமையாளரின் தலையிலேயே விழும். பாதிக்கப்பட்டோர் 1930 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம். வெளியேறிய காட்சியைத் திரும்பப் பெற வழியில்லை.