ஆழ்துயில் (கணினியியல்)

ஆழ்துயில் என்பது கணினியின் முதன்மை நினைவகத்தில் உள்ளவற்றை வன்தட்டில் எழுதி வைத்துவிட்டு, கணினியை முழுமையாக அணைக்கும் முறை ஆகும். பயனர் வழக்கில் இது ஹைபர்னேட் எனப்படுகின்றது. கணினியை மீண்டும் இயக்கும்போது, திறந்திருந்த நிரல்கள் விட்ட இடத்திலிருந்தே தொடர்கின்றன. இம்முறையில் ஒரு முரண் உண்டு: நினைவகத்தைச் சேமித்து வைப்பதற்கே நினைவகம் தேவைப்படுகின்றது. ஆகவே நினைவகம் ஏறக்குறைய நிரம்பிய நிலையில் ஆழ்துயிலுக்குச் செல்லும் கணினி, சில வேளைகளில் இடையிலேயே உறைந்துவிடுகின்றது. இவ்வழுவின் காரணங்களும் அதனைக் கண்டறியும் முறைகளும் லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்கப்படுகின்றன.

பின்னணி

1996 இல் வெளியிடப்பட்ட ஏசிபிஐ சீர்தரத்தில், நினைவகத்திற்கு மட்டும் மின்சாரம் வழங்கும் உறக்கநிலை எஸ்3 எனவும், ஆழ்துயில் எஸ்4 எனவும் குறிக்கப்படுகின்றன. லினக்ஸ் கருனியில் இவ்வசதி 2002 இல், 2.5 வளர்ச்சி வரிசையில், பாவெல் மாக்கெக் உள்ளிட்டோரின் பணியால் சேர்க்கப்பட்டது. லினக்ஸில் நினைவகப் படிமம் ஸ்வாப் எனப்படும் இடமாற்றுப் பகுதியில் எழுதப்படுகின்றது. விண்டோஸில் இதற்கெனத் தனிக் கோப்பு ஒன்று உண்டு.

செயற்படும் முறை

லினக்ஸில் ஆழ்துயில் பின்வரும் படிகளில் நிகழ்கின்றது.

1. எழுதப்படாது நிற்கும் கோப்புத் தரவுகள் வட்டில் எழுதப்படுகின்றன.
2. பயனர் நிரல்கள் யாவும் இடைநிறுத்தப்படுகின்றன. இதற்கான இயல்பிருப்புக் கால வரம்பு 20 நொடிகள்.
3. படிமத்திற்கு வேண்டிய நினைவகம் முன்கூட்டியே ஒதுக்கப்படுகின்றது.
4. சாதன இயக்கிகள் தத்தம் சாதனங்களை நிறுத்துகின்றன. ஒன்றைத் தவிர ஏனைய செயலிகளும் நிறுத்தப்படுகின்றன.
5. நினைவகத்தின் நகல் எடுக்கப்படுகின்றது.
6. சாதனங்கள் மீண்டும் இயக்கப்பட்டு, நகல் இடமாற்றுப் பகுதியில் எழுதப்படுகின்றது. பின்னர் கணினி அணைக்கப்படுகின்றது.

படிமம் முரணின்றி அமைய வேண்டுமாயின், நகலெடுக்கும் கணத்தில் நினைவகத்தில் எதுவும் மாறக்கூடாது. அக்கணத்தில் வன்தட்டும் நிறுத்தப்பட்டிருப்பதால், நகலை நினைவகத்திலேயே வைக்க வேண்டியுள்ளது. இதனால் படிமம் மொத்த நினைவகத்தின் பாதிக்கு மேல் இருக்க இயலாது. கருனி இயல்பாகப் படிமத்தை நினைவகத்தின் ஐந்தில் இரண்டு பங்களவுக்குச் சுருக்க முயல்கின்றது.

எடுத்துக்காட்டாக, 8 கிகாபைட் நினைவகம் கொண்ட கணினியில் நிரல்களின் தரவு மட்டும் 6 கிகாபைட் இருப்பதாகக் கொள்வோம். கருனியின் இலக்கு 3.2 கிகாபைட் ஆகும். எனவே 2.8 கிகாபைட் தரவு முதலில் இடமாற்றுப் பகுதிக்குத் தள்ளப்பட வேண்டும். பின்னர் 3.2 கிகாபைட் படிமத்திற்கும் அதே பகுதியில் இடம் வேண்டும். 4 கிகாபைட் இடமாற்றுப் பகுதி மட்டும் இருப்பின், நாளாந்தப் பணிகளுக்குப் போதுமானதாக இருந்த இக்கணினி ஆழ்துயிலில் தோல்வியுறக்கூடும்.

தோல்வியும் உறைதலும்

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது வழுநீக்கத்தின் முதற்படியாகும். இடம் போதாதபோது கருனி முயற்சியைக் கைவிட்டு, நிரல்களை மீண்டும் இயக்கிவிட வேண்டும். அவ்வேளை கருனிப் பதிவில் நினைவகம் போதாமையைக் காட்டும் 12 ஆம் வழு எண்ணோ, வட்டில் இடமின்மையைக் காட்டும் 28 ஆம் வழு எண்ணோ காணப்படும். இது தோல்வியே அன்றி உறைதல் அன்று. அதுபோல, 2.8 கிகாபைட்டை நொடிக்கு 50 மெகாபைட் வேகத்தில் எழுதும் வன்தட்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடிக்கும். வன்தட்டு விளக்கு ஒளிர்ந்துகொண்டிருப்பின், கணினி உறைந்துவிட்டது எனக் கருதி மின்சாரத்தைத் துண்டிப்பது தவறாகும்.

உண்மையான உறைதல் பெரும்பாலும் நான்காம் படியில் நிகழ்கின்றது. தனி நினைவகம் கொண்ட வரைவியல் அட்டைகளின் இயக்கிகள், அந்நினைவகத்தின் உள்ளடக்கத்தை முதன்மை நினைவகத்திற்கு இப்படியில் நகர்த்துகின்றன. அதாவது, புதிதாக இடத்தை உண்டாக்கும் வழிகள் அடைபட்ட பின்னரே பெரிய நினைவகக் கோரிக்கை எழுகின்றது. நினைவகம் தருவதற்கு வட்டில் எழுத வேண்டும், வட்டோ நிறுத்தப்பட்டுள்ளது. இம்முட்டுநிலையைத் தவிர்க்க, நினைவகக் கோரிக்கைகள் வட்டுச் செயற்பாட்டைத் தொடங்காதவாறு கருனி தடுக்கின்றது. அப்போது கோரிக்கை மறுக்கப்படலாம். அம்மறுப்பைச் சரிவரக் கையாளாத இயக்கி கணினியை உறையச் செய்துவிடும். போதிய நினைவகம் இருக்கும்போது இவ்வழு தலைகாட்டுவதில்லை.

விண்டோஸ் எக்ஸ்பியிலும் இதையொத்த சிக்கல் இருந்தது. 1 கிகாபைட்டும் அதற்கு மேலும் நினைவகம் கொண்ட கணினிகளில், தொடர்ச்சியான நினைவகப் பகுதி கிடைக்காமையால் ஆழ்துயில் தோல்வியுற்றது. மைக்ரோசாப்ட் இதற்குத் திருத்தம் வெளியிட்டது.

வழுவைக் கண்டறிதல்

கருனியின் மின்சார மேலாண்மை அடைவில் உள்ள பிஎம்_டெஸ்ட் என்னும் கோப்பு, ஆழ்துயிலைக் குறிப்பிட்ட படியுடன் நிறுத்திச் சோதிக்க உதவுகின்றது. இதில் ஐந்து நிலைகள் உண்டு: ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், புராசசர்ஸ், கோர். ஒவ்வொரு சோதனையும் அந்நிலை வரை சென்று, 5 நொடிகள் காத்திருந்து, வழமை நிலைக்குத் திரும்பும்.

* ஃப்ரீசர் நிலையில் உறைந்தால் நிரல்களை இடைநிறுத்துவதிலோ, படிமத்திற்கான நினைவக ஒதுக்கீட்டிலோ சிக்கல் உள்ளது.
* ஃப்ரீசர் நிலை வெற்றி பெற்று டிவைசஸ் நிலையில் உறைந்தால் சாதன இயக்கி ஒன்றே காரணம். இயக்கிகளில் பாதியை நீக்கிச் சோதித்து, மீண்டும் பாதியாக்கிச் சென்றால் குற்றமுள்ள இயக்கியை அடையலாம்.
* ஐந்து நிலைகளும் வெற்றி பெற்றால், படிமத்தை எழுதும் படியையோ மீட்கும் படியையோ ஆராய வேண்டும்.

இச்சோதனைகளை நினைவகம் காலியாக இருக்கும்போது ஒரு முறையும், நிரம்பியிருக்கும்போது ஒரு முறையும் செய்து ஒப்பிடுதல் இன்றியமையாதது. இரண்டிலும் உறைந்தால் நினைவகப் பற்றாக்குறை காரணம் அன்று. நோ_கன்சோல்_சஸ்பெண்ட் என்னும் தொடக்க அளவுருவைச் சேர்த்தால், இறுதிச் செய்திகள் திரையில் தெரிய வாய்ப்புண்டு.

தீர்வுகள்

பெரிய நிரல்களை மூடிவிட்டு ஆழ்துயிலுக்குச் செல்வதே எளிய வழி. நிலையான தீர்வாக, இடமாற்றுப் பகுதியைப் பெரிதாக்கலாம். இமேஜ்_சைஸ் கோப்பில் சுழியத்தை எழுதினால், கருனி படிமத்தை இயன்றவரை சிறிதாக்கும். ஆனால் அதற்குக் கூடுதல் நேரமாகும். இசட்ரேம் வகை இடமாற்றுப் பகுதி நினைவகத்திற்குள்ளேயே இருப்பதால், படிமத்தை அதில் வைக்க இயலாது. 2020 இல் வெளியான ஃபெடோரா 33 முதல் இவ்வகையே அதன் இயல்பிருப்பு. எனவே அதில் ஆழ்துயிலுக்கு வட்டில் தனி இடம் அமைக்க வேண்டும்.

தரவுப் பாதுகாப்பு

சோதனைக்கு முன் கோப்புகளைச் சேமித்து, காப்புநகல் எடுத்துக்கொள்ள வேண்டும். படிமம் எழுதப்பட்ட பின், அதே வட்டை வேறோர் இயங்குதளத்தின் வழியாகத் திறந்து மாற்றங்கள் செய்துவிட்டுப் பழைய படிமத்தை மீட்டால், கோப்பு முறைமை கடுமையாகச் சிதையும். ஏனெனில், மீண்டெழும் கருனி வட்டின் பழைய நிலையையே நினைவில் வைத்திருக்கும். ஐயம் இருப்பின், நோரெசூம் அளவுருவுடன் கணினியைத் தொடங்கிப் படிமத்தைப் புறக்கணிப்பதே பாதுகாப்பானது. அவ்வாறு செய்யின் சேமிக்கப்படாத பணி மட்டுமே இழக்கப்படும்; வட்டில் உள்ளவை காக்கப்படும்.

இவற்றையும் பார்க்கவும்

* லினக்ஸ் கருனி
* மெய்நிகர் நினைவகம்
* சாதன இயக்கி